தரகருக்குப் பங்காகப் போன வாசல்

முன்னொரு காலத்தில், அரசர்கள் காலையில் எழுந்ததும் ஒரு சட்டம் போட்டுவிட்டுத்தான் பல் துலக்குவார்கள் என்று இருந்த காலத்தில், ஒரு மகாராஜா மாறுவேடத்தில் நகர்வலம் போனார். போனவருக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை. பல்லக்கிலேயே உட்கார்ந்து பழகியவருக்கு எந்தத் தெரு எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்? உச்சி வெயிலில், பசி மயக்கத்தில், பாத்திரக்கடைத் தெரு முனையில் விழித்துக்கொண்டு நின்றார். அப்போது அந்தப் பக்கம் வந்த ஆதிமூலம் என்ற வீட்டுத் தரகர் கையை நீட்டி, "அதோ தெரியுது பாருங்க, அதுதான் அரண்மனை" என்று காட்டினார். மகாராஜா சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தார். வயிறு நிறைந்த சந்தோஷத்தில் அங்கேயே ஒரு சட்டம் போட்டார். இந்த நகரத்தில் யார் வீடு வாங்கினாலும், அந்த வீட்டைக் கை நீட்டிக் காட்டிய தரகருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு உண்டு என்பது சட்டம்.

அன்று முதல் ஆதிமூலம் தெருவில் நடந்தால் கையை மடக்குவதே இல்லை. இந்த வீடு, அந்த வீடு, எதிர் வீடு என்று காட்டிக்கொண்டே போவார். கேட்க ஆள் இல்லை, ஏனென்றால் அமைச்சர் கங்காதரர் அவருடைய அக்காள் புருஷன்.

அதே நகரத்தில் பட்டத்து யானைக்குப் பாகனாக இருந்தவன் மாடப்பன். அவன் மனைவி செங்கமலம். பதினாறு வருஷமாக யானைக் கொட்டாரத்துக்குப் பின்னால் ஓலைக் குடிசையில்தான் குடித்தனம். குடிசைக்குக் கதவு கிடையாது, ஒரு மூங்கில் தட்டிதான். காற்றடித்தால் விழும், நாய் தள்ளினால் விழும். அதை எடுத்து எடுத்து நிறுத்தி அலுத்துப் போன செங்கமலத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. மரக்கதவு போட்ட ஒரு வாசல் வேண்டும், அதைத் தன் கையால் திறந்து தன் கையால் சாத்த வேண்டும்.

யானையின் பெயர் அலங்காரி. காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது மாடப்பன் வீட்டு வாசலில் நிற்கும். செங்கமலம் வெல்லம் போட்டுப் பிசைந்த சோற்றை ஓர் உருண்டை கொடுப்பாள். அவள் கையால் அதை வாங்காமல், மேலே மகாராஜாவே உட்கார்ந்திருந்தாலும் அது ஓர் அடி நகராது. யானை அவ்வளவு பிடிவாதம் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. பட்டத்து யானை எவர் வாசலில் நின்றாலும் அது தானாக நகரும் வரை வாசலுக்கு உரியவர் உபசரிக்க வேண்டும், விரட்டினால் மன்னரையே விரட்டிய குற்றம் என்று மகாராஜாவின் தாத்தா ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார். அந்தக் குடும்பத்துக்கே சட்டம் போடுகிற கை.

சேர்த்து வைத்ததை எடுத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் முதலில் ஆதிமூலத்திடம்தான் போனார்கள். அவர் மூன்று வீடு காட்டினார். மூன்றிலும் உள்ளே நின்றால் வானம் தெரிந்தது. திரும்பும் வழியில் ஆற்றங்கரைத் தெருவில், பெரிய பலாமரக் கதவோடு ஒரு வீட்டைப் பார்த்துச் செங்கமலம் நின்றுவிட்டாள். அது ஒரு சாயக்காரருடைய வீடு. அவருக்கும் ஆதிமூலத்துக்கும் ஆகாது.

"அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதேம்மா" என்று ஆதிமூலம் கையை நீட்டிச் சொன்னார். "அந்த வீட்டுல முனி இருக்கு."

ஒரு மாதம் கழித்து மாடப்பன் ஆற்றில் யானையைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளிச் சாயக்காரர் துணி அலசிக்கொண்டிருந்தார். மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கே போய்விடப் போவதாகவும், வீட்டை விற்க வேண்டும் என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். யானை கரையேறுவதற்குள் விலை படிந்துவிட்டது. நடுவில் யாரும் இல்லை. முனியைப் பற்றிக் கேட்டதற்குச் சாயக்காரர், "எங்க வீட்டுல முனின்னா எம் மாமியார்தான். அவங்க போய் ஏழு வருஷம் ஆச்சு" என்றார்.

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். பால் பொங்கி வழிந்த அதே நேரத்தில் ஆதிமூலம் இரண்டு காவலர்களோடு வந்து நின்றார்.

"வீடு நல்லா அமைஞ்சுடுச்சு போல. என் பங்கு எங்கேம்மா?"

செங்கமலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்களுக்கு என்ன பங்கு? நாங்க சாயக்காரர்கிட்ட நேரா பேசி வாங்கினோம்."

"யார்கிட்ட வேணும்னாலும் பேசு. நான் இந்த வீட்டைக் கை நீட்டிக் காட்டினேனா இல்லையா?"

"காட்டினீங்க. பார்க்காதேன்னுல்ல காட்டினீங்க."

"காட்டினார்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க, கேட்டீங்களா?" என்று ஆதிமூலம் காவலர்கள் பக்கம் திரும்பினார். பிறகு தூண்களை எண்ண ஆரம்பித்தார். இரண்டு தூணுக்கு நடுவில் இருக்கும் இடம் ஓர் அங்கணம். வீட்டில் சரியாகப் பத்து அங்கணம். "பத்துல ஒண்ணு என்னுது. எனக்கு இந்த வாசல் அங்கணம் போதும். இனிமே உள்ளே வர ஒரு படி அரிசி, வெளியே போக ஒரு படி அரிசி."

செங்கமலத்தின் கையிலிருந்த பால் செம்பு கீழே விழுந்து உருண்டது. பதினாறு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியது அந்த வாசல். அதைப் போய் ஒரு மனுஷன் விரலால் தொட்டுக்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொள்வதா?

வழக்கு அரண்மனைக்குப் போனது. அங்கே செங்கமலத்துக்காகப் பேசியது ஒரே ஒருவர்தான், விகடர் மாசிலாமணி. மகாராஜாவைச் சிரிக்க வைப்பது அவருடைய உத்தியோகம். அவர் சிரிக்க வைக்கும்போதெல்லாம் அமைச்சர் கங்காதரருக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, பார்க்காதே என்று சொல்வது காட்டுவது ஆகுமா?" என்று கேட்டார் மாசிலாமணி.

"சட்டத்தில் கை நீட்ட வேண்டும் என்றுதான் இருக்கிறது, பிரபு" என்றார் அமைச்சர். "வாயால் என்ன சொல்ல வேண்டும் என்று இல்லை. விகடருக்கு இது அநியாயமாகத் தோன்றினால் ஒன்று செய்யட்டும். எனக்கு அந்தப் பங்கு வேண்டாம் என்று என் மைத்துனர் வாயாலேயே சொல்ல வைக்கட்டும். அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, ஒரு காசு கொடுக்கக் கூடாது. முடியாவிட்டால் விகடர் வீட்டு வாசலும் ஆதிமூலத்துக்கே."

மகாராஜாவுக்குப் பந்தயம் என்றால் உயிர். "மூன்று நாள் தவணை" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டார். சபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கைக்கு வந்ததை வேண்டாம் என்று ஆதிமூலம் சொன்னதாகச் சரித்திரமே இல்லை.

மாசிலாமணி தலையைச் சொறிந்தார். "அப்படியானால் மகாராஜா, வாசலை இன்றைக்கே அவருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அரண்மனை முத்திரையோடு."

செங்கமலம் காதில் விழுந்ததை நம்பாமல் விகடரையே பார்த்தாள். இவரையா நம்பி வந்தோம்? ஆதிமூலத்துக்கோ தலைகால் புரியவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் பாகன் வீட்டுக்கு அரண்மனையிலிருந்து வரிசைத் தட்டு வருவது அவருக்குச் சட்டென்று நினைவு வந்தது.

"மகாராஜா, வாசலுக்கு வருவதெல்லாம் வாசலுக்கு உரியவனையே சேரும் என்றும் ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும்" என்றார்.

"தாராளமாக எழுதுங்கள்" என்றார் மாசிலாமணி. "மற்றவர் அவர் அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்."

வெளியே வந்ததும் செங்கமலம் வெடித்துவிட்டாள். "ஐயா, நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தாலே போதும். இருந்த வழக்கையும் குழி தோண்டிப் புதைச்சுட்டீங்களே."

"அம்மா, நாளைக்குக் காலையில அலங்காரி உன் சோத்து உருண்டைக்கு எங்கே வந்து நிற்கும்?" என்று மட்டும் கேட்டார் மாசிலாமணி.

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"சட்டத்தை மீறாதே. அவர் இடத்துல கால் வைக்காதே" என்று சொல்லிவிட்டு விகடர் சாப்பிடப் போய்விட்டார்.

மாடப்பனும் செங்கமலமும் கொல்லைச் சுவரில் ஏணி வைத்து ஏறித்தான் வீட்டுக்குள் போனார்கள். வாசல் அங்கணத்தில் ஆதிமூலம் கயிற்றுக்கட்டில் போட்டு, பக்கத்தில் அரிசி அளக்கும் படியையும் வைத்துக்கொண்டு, கதவை விரியத் திறந்து படுத்திருந்தார்.

பொழுது விடிந்தது. வயிற்றின் மேல் ஏதோ ஈரமாக ஊர்வது போலிருக்கவே ஆதிமூலம் கண்ணைத் திறந்தார். ஒரு துதிக்கை. அதற்கு மேலே வாசலை அடைத்துக்கொண்டு அலங்காரி. அவர் போட்ட அலறலில் தெருவே திரண்டுவிட்டது. புராணத்தில் யானை ஆதிமூலமே என்று கூப்பிட்டதும் பெருமாள் ஓடி வந்தார். இங்கே யானையைக் கண்ட ஆதிமூலம் கட்டிலுக்கு அடியில் ஓடினார்.

"மாடப்பா, ஓட்டுய்யா யானையை."

"நான் எப்படிங்க ஓட்டுறது? உங்க வாசலுக்கு வந்த விருந்தாளி. விரட்டினா மன்னரையே விரட்டின குத்தம்" என்றான் மாடப்பன், யானையின் கழுத்தில் இருந்தபடியே.

"வாசலுக்கு வர்றதெல்லாம் உங்களுக்குத்தானே, நீங்கதானே எழுதச் சொன்னீங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல். பார்த்தால் மாசிலாமணி வெற்றிலை மென்றுகொண்டு நின்றார்.

ஆதிமூலம் நடுங்கிக்கொண்டே வெளியே வந்து ஒரு தார் வாழைப்பழம் வரவழைத்தார். அலங்காரி அதைத் தண்டோடு சேர்த்துத் தின்றது. நகரவில்லை. இரண்டு வண்டிக் கரும்பு வந்தது, போன இடம் தெரியவில்லை. அமைச்சர் வீட்டுத் தோட்டத்துத் தென்னங்கீற்று வந்தது. மைத்துனருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி வந்த அமைச்சரின் தலைப்பாகையையும் அது எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, பிடிக்காமல் துப்பியது. பிறகு மறுபடி வாசலுக்குள் துதிக்கையை நீட்டித் தேடியது.

செங்கமலம் இரண்டாவது அங்கணத்தின் விளிம்பில் உருண்டையோடு நின்றாள். துதிக்கைக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம்தான். யானையின் கண்ணைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் காலை எடுத்து வைக்கவில்லை.

"அம்மா, தாயே, வெளியே வந்து அதைக் கொடுத்துத் தொலை" என்றார் ஆதிமூலம்.

"வரணும்னா உங்க இடத்துல கால் வைக்கணுமே, ஐயா."

"வெச்சுக்கோ. இன்னைக்கு அனுமதி கொடுத்துட்டேன்."

"நாளைக்கு?"

ஆதிமூலத்துக்கு முகம் வெளுத்தது. "நாளைக்குமா வரும்?"

"தினமும் வருங்க. மழை பெஞ்சாலும் வரும். பதினாறு வருஷத்துல ஒரு நாள் தப்பினதில்லை. எனக்கும் தினம் தினம் உங்ககிட்ட கேட்டுக்கிட்டு நிற்க முடியாது. நீங்களே உபசரிச்சுக்குங்க."

ஆற்றுக்குப் போன யானை உச்சிப்பொழுதாகியும் திரும்பவில்லையே என்று மகாராஜாவே புறப்பட்டு வந்துவிட்டார். தெருவெல்லாம் கரும்புச் சக்கை. தலைப்பாகை இல்லாமல் அமைச்சர். சட்டை வியர்வையில் ஒட்ட, தலையில் கீற்றுக் கட்டோடு வீட்டுத் தரகர். மகாராஜா திகைத்துப்போய் நின்றார். அவரைக் கண்டதும் ஆதிமூலம் கட்டைப் போட்டுவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"பிரபு, எனக்கு இந்தப் பங்கு வேண்டாம். இந்த வாசல் வேண்டாம். இந்த வீட்டில் எனக்கு எதுவும் வேண்டாம்."

"மகாராஜா, அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஒரு காசு கொடுக்கவில்லை" என்றார் மாசிலாமணி. "கேட்டதைக் கேட்டபடி கொடுத்தோம். அவ்வளவுதான்."

முத்திரை போட்ட ஓலையை ஆதிமூலம் செங்கமலத்திடம் நீட்டினார். அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகுதான் வாசல் அங்கணத்தில் கால் வைத்தாள். உருண்டையை நீட்டினாள். அலங்காரி அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல ஆற்றைப் பார்த்து நடந்தது.

மகாராஜா சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கயிற்றுக்கட்டிலிலேயே உட்கார்ந்து சிரித்தார். நடுவில் திடீரென்று அவர் சிரிப்பு நின்றது. "மாசிலாமணி, இவன் எனக்கும் ஒரு நாள் கை நீட்டி அரண்மனையைக் காட்டினானே."

"ஆமாம், மகாராஜா. தங்கள் தாத்தா கட்டியது என்பதால் பிழைத்தோம். தாங்கள் விலைக்கு வாங்கியிருந்தால் இன்று அரியணை எந்த அங்கணத்தில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்போம்."

மகாராஜாவுக்கு வியர்த்துவிட்டது. அங்கேயே சட்டத்தை மாற்றினார். விற்பவரையும் வாங்குபவரையும் கூட்டிவந்து பேசி முடித்துக் கொடுத்த தரகருக்கு உரிய கூலி உண்டு. இருவரும் தாமாகவே பேசி முடித்துக்கொண்ட வீட்டில் வெற்றிலை பாக்குக்கூடக் கடன் இல்லை.

"நீ என்னையும் காப்பாற்றினாய். ஆற்றங்கரையில் உனக்கு இரண்டு வேலி நிலம் தருகிறேன். எந்த இடம் வேண்டும்?" என்றார் மகாராஜா.

இடத்தைக் காட்டுவதற்காக மாசிலாமணி கையைத் தூக்கினார். மகாராஜா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "வாயால் சொல், அப்பா. கையை மட்டும் நீட்டாதே."

அதற்குப் பிறகு ஆதிமூலம் தெருவில் கைகட்டித்தான் நடந்தார். யாராவது வழி கேட்டால்கூட முகவாயால்தான் காட்டினார்.

கூட்டம் கலைந்ததும் செங்கமலம் கதவைச் சாத்தினாள். பலாமரக் கதவு கனமாக வந்து நிலையில் பொருந்தியது. உடனே திறந்தாள். மறுபடி சாத்தினாள். கொல்லைச் சுவரிலிருந்து ஏணியை எடுத்துக்கொண்டு வந்த மாடப்பன், "என்ன செய்யறே?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை திறந்து சாத்தினாள்.