நனைந்தும் நனையாத தகடு

"மேடம், இது ஆகிற காரியமில்லை" என்றார் தணிகைவேல்.

கல்லூரியில் வேதியியல் நடத்திவிட்டு, தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர் அவர். வழிகாட்டி ரெஜினா அவரைவிடப் பத்து வயது இளையவர். அதனால் மாணவர் ஆசிரியரை மேடம் என்பார், ஆசிரியர் மாணவரை சார் என்பார். மரியாதைக்குப் பஞ்சமே இல்லை. பலன்தான் இல்லை.

துத்தநாக பேட்டரிக்காக தணிகைவேல் செய்துகொண்டிருந்த தகட்டுக்கு இரண்டு வேலை. தன்னிடமுள்ள நிக்கலை வைத்து முதலில் வேகமாக மின்சாரம் தர வேண்டும். அது தீர்ந்ததும் வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு தொடர வேண்டும். முதல் வேலைக்குத் தகடு காரக் கரைசலில் ஊற வேண்டும். இரண்டாவதற்கு ஊறக்கூடாது, ஊறினால் காற்று நுழையாது.

நீர் ஒட்டாத பிசினைக் கூட்டிக் கலந்தார். கரைசல் உள்ளே போகவில்லை. குறைத்துக் கலந்தார். தகடு மூழ்கிச் செத்தது. ஆனால் கலவையில் ஒரு கட்டி இருக்காது. சீராகக் கலப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு ஒரு பெருமை.

திங்களன்று ஆய்வுக்குழு வருகிறது. அதற்குள் தகடு வேலை செய்யாவிட்டால் காற்றை மறந்துவிடச் சொல்வார்கள். அவர் வேலையை உதறிவிட்டு வந்ததே அந்தக் காற்றுக்காகத்தான்.

"நனையணும், நனையவும் கூடாது. ஒரே பொருள் எப்படி மேடம் ரெண்டுமா இருக்கும்?"

ரெஜினா எழுந்து கேன்டீனுக்கு நடந்தார். பசி நேரத்தில் யாரிடம் போய்க் கேட்டோம் என்று முணுமுணுத்தபடி தணிகைவேல் பின்னால் போனார்.

மாஸ்டர் கல்லில் எண்ணெய் தடவி மாவை ஊற்றித் தேய்த்தார். தோசையைத் திருப்பிப் போடப் போனபோது ரெஜினா வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

தட்டு வந்தது. ரெஜினா அதன்மேல் சாம்பாரை ஊற்றி, தணிகைவேல் பக்கம் நகர்த்தினார்.

துளைதுளையாக இருந்த மேல்பக்கம் சாம்பாரைக் குடித்தது. தணிகைவேல் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். எண்ணெய் பட்ட அடிப்பக்கம் முறுகலாக, ஈரமே இல்லாமல் இருந்தது.

இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு, சின்னப் பையனைப்போல் ஆய்வகத்தை நோக்கி ஓடினார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க சார்" என்றார் ரெஜினா.

வாசலில் நின்று திரும்பினார் தணிகைவேல். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மேடம், இத்தனை நாளா நான் எண்ணெயை மாவுலயே கலந்துக்கிட்டு இருந்திருக்கேன்."