ஏழாம் பெட்டி

கனடாவின் வடக்கே ஏரிக்கரையில் இருந்தது எங்கள் ஆச்சிரமம். தலைவி சிவகாமவல்லி அம்மாவுக்கு வயது நாற்பத்திரண்டு, சீடர் குகதாசருக்கு அறுபத்தாறு. சீடர் தலைவியை அம்மா என்பார், தலைவி சீடரை அண்ணை என்பார்.

வசந்தத்தில் அந்த ஏரிக்கு ஒரு சின்னக் காட்டுவாத்து வரும். புறாவைவிடக் கொஞ்சம் பெரிசு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. நாங்கள் தலைச்சி என்போம். மரப்பொந்தில் முட்டையிடும் சாதி. பொந்துகள் குறைந்துபோனதால் மரங்களில் பத்துப் பெட்டிகள் அடித்துவைத்திருந்தோம். தலைச்சிக்குச் சுள்ளி பொறுக்கிவரத் தெரியாது. மாசியில், ஏரி உறைந்திருக்கும்போதே, பனிக்கட்டிமேல் நடந்துபோய் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நாலு விரல் கனத்துக்கு மரச்சீவல் போடவேண்டும். அதன்மேல் தன் நெஞ்சுத் தூவியைப் பிடுங்கிப் பரப்பிக்கொண்டு அது அடைகாக்கும்.

அந்த வருடம் சீவல் போடுவது குகதாசரின் வேலை, அவரே கேட்டு வாங்கிய வேலை. ஒன்பது பெட்டிக்குப் போட்டார். ஏழாம் பெட்டி அக்கரையில் தனியாக நின்றது, குளிரோ முகத்தில் அறைந்தது. மனுசன் சோம்பல்பட்டுத் திரும்பிவந்து, பத்தும் முடிந்தது என்று வாய் கூசாமல் சொன்னார்.

ஆனியில் அம்மா ஏழாம் பெட்டிக்கு ஏணி வைத்தார். வெறும் பலகையில் முட்டைகள் மூலைக்கு மூலை உருண்டு சில்லிட்டுக் கிடந்தன. தூவி மட்டும் மற்றப் பெட்டிகளைவிட இரண்டு மடங்கு. நெஞ்சு வெறுமையாகும்வரை பிடுங்கியிருக்கிறது, பாவம்.

சீவல் போட்டனீங்களோ என்று அம்மா கேட்டார். அணில் வாரியிருக்கும் என்றார் குகதாசர். அம்மா அந்தத் தூவியை அள்ளி அவர் கையில் கொடுத்துவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

மூன்று நாள் குகதாசர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாப்பாட்டுக்கும் கடைசி ஆளாக வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வெட்கம் அவரைத் தின்றது. நாலாம் நாள் காலை, எல்லாரும் கூடியிருக்கும்போதே எழும்பி அம்மா முன் நின்றார்.

"அணில் இல்லை அம்மா. நான் அக்கரைக்குப் போகவேயில்லை. எனக்கு இந்த வேலை வேண்டாம். அந்தப் பெட்டியையும் கழட்டிவிடுவம், அதைப் பார்க்க ஏலாமல் கிடக்கு."

"கழட்டலாம் அண்ணை," என்றார் அம்மா. "ஆனா தலைச்சி வாற வருசமும் அதே பெட்டியைத் தேடித்தான் வரும். போன முறை சீவல் போட ஆர் வரேல்லை எண்டு அதுக்குத் தெரியாது."