நேற்றைய தண்ணீர் இலவசம்

செவ்வனூர் மாநகராட்சியில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தேழு.

சிரிக்காதீர்கள். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

குருவின் பெயர் ஹமீதா பானு. நகரத்தின் தகவல்களைத் திரட்டி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போடும் பிரிவுக்கு அவர்தான் தலைவி. சீடர் சிதம்பரதாணு. முப்பத்திரண்டு வருஷம் வரி வசூலில் இருந்துவிட்டு, ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கும்போது எங்கள் பிரிவுக்கு மாற்றலாகி வந்தவர். கணினியை எங்கே அழுத்தினால் உயிர் வரும் என்பதிலிருந்து எல்லாவற்றையும் ஹமீதா மேடத்திடம்தான் கற்றுக்கொண்டார். மேடத்தின் மேஜை முன்னால் நின்றுகொண்டுதான் பேசுவார். உட்காரச் சொன்னால், "குருவுக்கு முன்னால உட்காரப்படாது மேடம்" என்பார். கேலியாகச் சொல்கிறாரா, மனசாரச் சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

நான் அதே அறையில் தபால் பார்க்கிற ஆள். வேலை கொஞ்சம், காது கூர்மை.

செவ்வனூரில் குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு முறை வரும். முன்பெல்லாம் வால்வைத் திறக்க இசக்கிமுத்து என்று ஒருவர் தெருத்தெருவாக வருவார். திறக்கும் முன் கையில் இருக்கும் இரும்புச் சாவியால் விளக்குக் கம்பத்தில் மூன்று தட்டுத் தட்டுவார். தெருவே குடத்தைத் தூக்கும். முந்தின நாள் வழியில் மறித்து, "அண்ணே, நாளைக்கு எங்களுக்கு எப்போ?" என்று கேட்டால் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போவார்.

பிறகு ஊர் ஸ்மார்ட் சிட்டி ஆனது. வால்வுக்கெல்லாம் மோட்டார் வைத்தார்கள். இசக்கிமுத்துவைப் பூங்காவுக்குச் செடி நனைக்க அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று தினமும் மாலை நான்கு மணிக்கே கணினி பட்டியல் போட்டுவிடும். கணினிக்கு எல்லாம் தெரிந்தது. தெருவுக்குத்தான் ஒன்றும் தெரியாமல் போனது.

எங்கள் அலுவலகத்தின் மூன்று மாடிக்கும் டீ கொண்டுவரும் பேச்சித்தாய், அணைக்கரைத் தெருக்காரர். படியேறும்போதே "டீ வந்தாச்சே!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். ஃபைல்கள் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் எட்டாவது நாள் அந்தச் சத்தம் இருக்காது. தண்ணீர் காலையில் வருமா, பொழுது சாய்ந்து வருமா என்று தெரியாமல் குடங்களோடு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். மூன்று முறை இப்படி ஆனதும் பொதுப் பிரிவு அவருக்கு ஒரு கடிதம் கொடுத்தது. இன்னும் ஒரு நாள் வராவிட்டால் டீ மெஷின் வைத்துவிடுவார்களாம். கடிதத்தை என்னிடம்தான் படிக்கச் சொன்னார்.

"அப்போ தண்ணியா, டீயா? அதைத்தானே கேக்குறாங்க?" என்றார்.

நான் என்ன செய்ய முடியும், தபால்காரன்.

தண்ணீர் நேரத்தை இணையத்தில் வெளியிட ஹமீதா மேடம் ஏற்பாடு செய்திருந்தார். வெள்ளிக்கிழமை மாமன்றக் கூட்டத்தில் ஒப்புதல் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அதுவரை பட்டியல் எங்கள் அறையைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. திங்கட்கிழமை காலை சிதம்பரதாணு ஒரு தாளோடு வந்து நின்றார்.

"மேடம், ஒரு யோசனை."

"சொல்லுங்க சார்."

"நேத்து எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணி வந்துச்சுன்னு இலவசமாப் போட்டுடுவோம். யாரு வேணா பார்த்துக்கலாம். திறந்த தகவல்னு மேலிடத்துக்கும் கணக்குக் காட்டிடலாம். ஆனா நாளைக்கு எப்போ வரும்னு தெரியணும்னா மாசம் முப்பது ரூபா."

"நேத்து வந்த தண்ணியை வச்சு ஜனங்க என்ன சார் பண்ணுவாங்க?"

"ஆராய்ச்சி பண்ணலாம் மேடம்."

நான் தபால் கட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். மேடம் சிரிக்கவில்லை.

"மோட்டாருக்குக் கரண்டு, சென்சாருக்குப் பராமரிப்பு, எல்லாத்துக்கும் செலவு" என்றார் சிதம்பரதாணு. "எல்லாத்தையும் சும்மா தூக்கிக் கொடுத்தா மாநகராட்சி எதைத் தின்னும்? இருக்கறதை விக்கறதுல என்ன மேடம் தப்பு?"

நியாயமான கேள்விதான். அவர் கெட்டவர் இல்லை. முப்பத்திரண்டு வருஷமாக ஒரு கஜானாவைக் காலியாகவே பார்த்தவர்.

அந்த நேரம் பார்த்துப் படியில் சத்தம் கேட்டது. "டீ வந்தாச்சே!"

மேடம் இரண்டு டீ வாங்கினார். இருபது ரூபாய் கொடுத்தார்.

"பேச்சியக்கா, டீ பத்து ரூபா. 'டீ வந்தாச்சே'ன்னு கத்துறீங்களே, அதுக்கு எவ்வளவு?"

"நல்லா கேக்குறீங்களே கேள்வி! கத்துறதுக்கு யாராவது காசு வாங்குவாங்களா? கத்தலைன்னா அம்புட்டு டீயையும் நானே குடிச்சுட்டுப் போகவேண்டியதுதான்."

பேச்சித்தாய் அடுத்த அறைக்குப் போனார்.

"டீ வேற மேடம்" என்றார் சிதம்பரதாணு.

"வேறதான் சார்" என்றார் மேடம். "உங்க திட்டத்தை முதல்ல நம்ம அறையிலேயே ரெண்டு நாள் நடத்திப் பார்ப்போமா?"

"தாராளமா."

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு மேடம் அவரைக் கூப்பிட்டார்.

"சார், நேத்து மூணு மணிக்குக் கமிஷனர் உங்களை வரச்சொன்னார்."

"நேத்தா? நான் இங்கேயேதானே இருந்தேன்! அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்!"

"நேத்துத் தகவல்தான் இலவசம் சார்."

சிதம்பரதாணு கமிஷனர் அறைக்கு ஓடினார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

புதன்கிழமை காலை அவர் முகம் வெந்து போயிருந்தது. அலுவலகத்தில் நுழைந்ததும் செல்போனை அணைத்து வைக்கிற பழைய காலத்து ஆள் அவர்.

"மேடம், என் மச்சினன் வர்றான், ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லுங்கன்னு வீட்டுலேருந்து ஆபீசுக்குப் போன் பண்ணாங்களாமே?"

"ஆமா சார். நேத்துப் பன்னிரண்டு மணிக்கு. ஆறரை மணி ரயில்னு சொன்னாங்க."

"ஒரு மணி நேரம் பெட்டியோட நின்னுருக்கான்! வீட்டுல எனக்குச் சோறு கூட ஒழுங்கா விழலை. முப்பது ரூபாயை வாங்கிக்கிட்டாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நீங்க கேக்கலையே சார்."

"ஒரு விஷயம் இருக்குன்னே தெரியாம எப்படி மேடம் கேக்குறது?"

மேடம் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிதம்பரதாணு தன் இடத்துக்குப் போனார். அன்று முழுக்க அவர் திட்டத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். மனுஷன் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன்.

நான்கு மணிக்குப் பட்டியல் வந்தது. மேடம் அதை அச்செடுத்து மேஜைமேல் வைத்தார். அதே சமயம் பால்பாண்டி அண்ணாச்சி உள்ளே வந்தார். ஊரில் ஓடுகிற தண்ணீர் லாரிகளில் பதினாறு அவருடையவை. கையில் ஒரு அல்வா டப்பா, சட்டைப் பையில் ஒரு காசோலை.

"தண்ணி நேரம் விக்கப்போறீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார் உட்கார்ந்துகொண்டே. "நாளைக்கு எந்தத் தெருவுக்கு வரும், எதுக்கு வராதுங்கிற லிஸ்டு எனக்கு வேணும். வருஷத்துக்கு நாலு லட்சம். ஒரே ஒரு கண்டிஷன். எனக்கு மட்டும்தான். முப்பது ரூபாய்க்கு ஊர்க்காரங்க யாருக்கும் கொடுக்கப்படாது."

"நேத்து நேரத்தை இலவசமாப் போடுறதா இருக்கோம்" என்றார் சிதம்பரதாணு மெதுவாக.

"அதைத் தாராளமாப் போடுங்க சார். எனக்கு ஒண்ணும் நஷ்டமில்லை."

மேடம் கேட்டார். "ஊருக்கும் தெரிஞ்சா என்ன அண்ணாச்சி?"

"தெரிஞ்சா எவன் மேடம் குடம் பதினஞ்சு ரூபாய்க்கு வாங்குவான்? நாளைக்கு வந்துரும்லன்னு ஒரு நாள் பொறுத்துக்குவான். எனக்கு மறைச்சுப் பேசிப் பழக்கமில்லை."

அந்த ஒரு விஷயத்தில் அண்ணாச்சி நல்லவர். அல்வா டப்பாவையும் காசோலையையும் மேஜைமேல் வைத்தார்.

சிதம்பரதாணு மேடத்தைப் பார்த்தார். "மேடம், சென்சாருக்கு வருஷச் செலவே மூணேகால் லட்சம்தான்."

"தெரியும் சார்."

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல வச்சா கை தட்டுவாங்க."

"தட்டுவாங்க."

"அப்போ நாலு லட்சத்துக்கு ரசீது போட்டுடட்டுமா?"

"போடுங்க சார்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த அம்மாவுமா? இரண்டு நாள் அந்த மனுஷனைப் படுத்திய பாடு இதற்குத்தானா? எழுந்து கத்தலாமா என்றுகூடத் தோன்றியது. கத்தவில்லை.

சிதம்பரதாணு ரசீதுப் புத்தகத்தை எடுத்து வந்து மேடத்தின் மேஜைமேல் வைத்து, நின்றபடியே எழுதினார். பெயர். தேதி. தொகை எண்ணில், பிறகு எழுத்தில். கடைசிக் கட்டம், எதற்காக. 'தண்ணீர் நேரத் தகவல்' என்று எழுதினார்.

"சார், அந்தத் தகவலுக்கு நீங்க என்ன விலை வச்சீங்க?"

"மாசம் முப்பது மேடம்."

"வருஷத்துக்கு?"

"முந்நூத்தி அறுபது."

"அண்ணாச்சிக்குக் கொடுக்கறதும் அதே தகவல்தானே?"

"அதேதான்."

"அப்போ முந்நூத்தி அறுபது ரூபாயை அதுக்கு நேரா எழுதுங்க. மிச்சத்துக்கு நாம என்ன வித்தோம்னு அடுத்த வரியில எழுதிடுங்க."

பேனா நின்றது.

"என்னத்தையாவது எழுதுங்க சார்" என்றார் அண்ணாச்சி. "எனக்கு ரசீதுன்னு ஒண்ணு இருந்தாப் போதும்."

சிதம்பரதாணு முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டவர் இல்லை. பொய்யாக நிரப்பியவரும் இல்லை. அவருக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான். அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீ வந்தாச்சே!"

பேச்சித்தாய் உள்ளே வந்து மேஜைமேல் டம்ளர்களை வைத்தார். மேடத்திடம் சொன்னார், "நாளைக்கு எங்க தெருவுக்கு எட்டாம் நாளு மேடம். நான் வரலை. மெஷினை வச்சுக்கச் சொல்லிடுங்க. வீட்டுல பச்சத் தண்ணி இல்லாம புள்ளைகளை வச்சுக்கிட்டு எத்தனை நாள் இருக்கறது? பதிமூணு வருஷம் இந்தப் படி ஏறிட்டேன், போதும்."

அழவில்லை. காலி டம்ளர்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் கண் கலங்கியது.

சிதம்பரதாணு பேனாவை மூடினார். மேஜைமேல் இருந்த பட்டியலைத் தன் பக்கம் திருப்பினார். விரலை வைத்துக்கொண்டே கீழே இறங்கினார். ஒரு வரியில் நின்றது.

"பேச்சித்தாய்."

"சொல்லுங்க சார்."

"நாளைக்கு உங்க தெருவுக்குப் பதினொண்ணேகாலுக்குத் தண்ணி. பன்னிரண்டே முக்கால் வரைக்கும் வரும். காலை டீயைக் கொடுத்துட்டுப் போ. பிடிச்சு வச்சுட்டுச் சாயங்கால டீக்கு வந்துடு."

பேச்சித்தாய் கையில் டம்ளரோடு அப்படியே நின்றார். "நெசமாவா சார்?"

"நெசம்தான்."

"தெருவுல மத்தவங்ககிட்டயும் சொல்லலாமா?"

சிதம்பரதாணு அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. "எல்லார்கிட்டயும் சொல்லு" என்றார்.

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "என்ன சார் இது அநியாயம்! எனக்கு மட்டும்னு இப்பத்தானே பேசினோம்? அதுக்குள்ள ஊருக்கே தாரை வார்த்துட்டீங்களே!"

சிதம்பரதாணு ரசீதின் மூன்று படிகளிலும் குறுக்கே கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்திட்டார். காசோலையை அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுத்தார். அல்வா டப்பாவையும் எடுத்து அதன்மேல் வைத்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, மேடத்துக்கு எதிரே முதல் முறையாக உட்கார்ந்தார்.

அண்ணாச்சி மேடத்தின் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க மேடம். மாநகராட்சின்னா எதுக்குமே ஒரு விலை கிடையாதா?"

ஹமீதா மேடம் ஒரு டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"டீ குடிங்க அண்ணாச்சி. டீ பத்து ரூபா."