மச்சான்கள் வாங்கிய கறுப்புக் கண்ணாடி

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கொட்டாவிப்பட்டியில் அப்படியில்லை, சடையப்பரின் மூன்று மச்சான்களைக் கேட்டால்தான் தெரியும். அவர்களைக் கேட்காமல் அந்த ஊரில் மோருக்கு உப்புக்கூடப் போடமாட்டார்கள்.

சடையப்பருக்கு ஒற்றைத் தலைவலி. வெளிச்சம் பட்டால் போதும், மண்டைக்குள் உரல் இடிக்கும். மகள் பூங்கோதையின் கல்யாணமோ நெருங்கிவிட்டது. வீடியோ விளக்கைப் பார்த்ததும் சுருண்டுவிடுவோமோ, பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்காமல் போவோமோ என்று மனிதர் தவித்துப்போனார்.

டவுன் டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். “நிறக் கண்ணாடி போட்டுப் பாருங்க. லேசான ரோஸ் நிறம் நல்லது. கறுப்பு எடுத்தா கூரைக்குக் கீழே போடாதீங்க, கண்ணு இருட்டுக்குப் பழகிடும்.”

கண்ணாடிக் கடையில் மூன்று மச்சான்களும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தலையைப் பிடித்துக்கொண்டு சடையப்பர் பின்னால் நின்றார்.

“வலிக்கிறவர் போட்டுப் பார்க்கட்டுமே” என்றார் கடைக்காரர்.

“அவருக்குத்தான் வலிக்குதே! வலியோட போட்டா கண்ணாடியோட குணம் எப்படித் தெரியும்?” என்று கேட்டார் மூத்த மச்சான் மூக்கையா. கடைக்காரர் ரோஸ், கறுப்பு இரண்டையும் எடுத்து வைத்தார்.

நடு மச்சான் வீரணன் கறுப்புக் கண்ணாடியை மாட்டினார். “அடடா! துளி வலி இல்லை!”

“போடறதுக்கு முன்னாடி வலிச்சுதா?” என்றார் கடைசி மச்சான் சின்னக்காளை.

“அப்பவும் இல்லை.”

சின்னக்காளை திரும்பினார். “பார்த்தீங்களா அத்தான், போடறதுக்கு முன்னாடியே வலி கேட்குது!”

அதையே வாங்கினார்கள். ரோஸ் கண்ணாடியைக் கடைக்காரர் பெருமூச்சோடு உள்ளே வைத்தார்.

கல்யாணத்தன்று காலையில் மூக்கையா பந்தலை அண்ணாந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“இதுவும் கூரைதானே? அத்தான் கண்ணாடி போட முடியாதே!”

“அவரை வெளியே உட்கார வச்சுடலாமா?” என்று கேட்டார் வீரணன்.

“பொண்ணைப் பெத்தவரையா? கூரையை வெளியே வைப்போம்” என்றார் சின்னக்காளை.

எப்பேர்ப்பட்ட மூளை! முகூர்த்தத்துக்குள் கீற்று முழுவதையும் பிரித்துக் கீழே போட்டார்கள். சுள்ளென்ற வெயில் மணவறையில் இறங்கியது. வீடியோக்காரன் இனி விளக்கு வேண்டாம் என்று அணைத்துவிட்டான். சடையப்பர் பயந்தது அந்த விளக்குக்குத்தான்.

கறுப்புக் கண்ணாடிக்குள்ளும் அவர் மண்டை பிளந்தது. “ஐயோ, நிழல்!” என்று அலறினார்.

உடனே வீரணன் ஒரு கீற்றை எடுத்து அவர் தலைக்கு மேல் பிடித்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். சடையப்பர் ஆசையோடு கண்ணைத் திறந்தார்.

“அத்தான், கூரைக்குக் கீழே இருக்கீங்க!” என்று மூக்கையா கண்ணாடியைப் பிடுங்கினார். கண் கூசி மூடிக்கொண்டது. கீற்றை விலக்கிக் கண்ணாடியை மாட்டினார்கள், வெயில் சுட்டது. மறுபடி கீற்று. மறுபடி பிடுங்கல். கெட்டிமேளம் கொட்டி ஓய்ந்தது.

“என் பொண்ணு கல்யாணத்தை நான் பார்க்கலையே!” என்று சடையப்பர் வாய்விட்டு அழுதார்.

மச்சான்கள் கூடிப் பேசினார்கள். “அழாதீங்க அத்தான். தாலி ஏறும்போது கண்ணாடி என் கையிலே மணவறையைப் பார்த்துக்கிட்டுதான் இருந்துச்சு. கல்யாணம் முழுக்க அதுக்குள்ளே இருக்கு. துடைக்காம வச்சுக்குங்க” என்றார் மூக்கையா.

சடையப்பர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அதைப் பட்டுத்துணியில் சுற்றிப் பீரோவில் பூட்டினார். இன்றும் வெயிலில் போகும்போது தலையைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார். கண்ணாடியை எடுக்கலாமே என்று யாராவது சொன்னால் பதறிவிடுவார்.

“வெயில் பட்டா கல்யாணம் சாயம் போயிடும்ங்க!”