ஏப்பம்மா

"டீச்சர், இந்தாங்க உங்க புஸ்தகம். நான் படிப்பை நிறுத்திக்கிடுதேன்."

சொன்னது ஜெபக்கனி சிஸ்டர். வயது நாற்பத்தொன்பது. பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் பிரசவ வார்டு பார்த்தவர். அடுத்த மாதம் ஜெர்மன் மொழிப் பரீட்சை பாஸானால் ஜெர்மனியிலும் இதே வேலைக்குப் போகலாம்.

டீச்சர் மெகருன்னிசாவுக்கு வயது இருபத்தேழு.

"என்ன சிஸ்டர், திடீர்னு?"

"நேத்து மருத்துவச்சிக்கு ஜெர்மன்ல என்னன்னு வாசிக்கச் சொன்னீங்கள்லா? ஹேபம்மெ. அது என் வாயில ஏப்பம்மான்னு வந்துட்டு. இன்னைக்கு மாடிப்படி ஏறுதேன், 'ஏப்பம்மா வந்தாச்சு'ங்குதுக. எல்லாம் கூடப் படிக்குற நண்டும் சிண்டும். இந்த வயசுல எனக்கு இது தேவையா?"

டீச்சர் புத்தகத்தை வாங்கவில்லை.

"பிள்ளை பிறந்ததும் மொதல்ல என்ன செய்வீங்க?"

"இதென்ன கேள்வி? தூக்குவேன்."

"செஞ்சு காட்டுங்க."

சிஸ்டர் புத்தகத்தை மேசையில் போட்டார். ஒரு கை தலைக்கு, ஒரு கை இடுப்புக்கு. இரண்டும் மெல்ல உயர்ந்தன. அவ்வளவு நேரம் இருந்த கோபம் முகத்தில் இல்லை.

வகுப்பே எட்டிப் பார்த்தது.

"எத்தனை பிள்ளை தூக்கியிருப்பீங்க?"

"ஒம்பதாயிரம் வரைக்கும் எண்ணினேன். பொறவு விட்டுட்டேன்."

மெகருன்னிசா பலகையில் அந்தச் சொல்லை எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டாள்.

"முன்பாதி, தூக்குறது."

"பின்பாதி அம்மாதானே? நான் வாசிச்சதுல என்ன தப்பு?"

"அம்மா இல்ல, அம்மெ. பால் கொடுக்கிற தாதி. அதுவும் பின்னால வந்து ஒட்டுனதுதான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தி ஹெவியன்னான்னு சொல்லியிருக்காங்க."

"அன்னான்னா?"

"குடும்பத்துல மூத்த பொம்பள. கிழவின்னு வச்சுக்கோங்க."

"தூக்குற கிழவியா?"

"ஆமா சிஸ்டர்."

பின்பெஞ்சில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

சிஸ்டருக்கு அது உறைக்கவே இல்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே தனக்கு ஒரு பேர் வைத்துவிட்டார்களே என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. அப்புறம் சிரித்தவள் பக்கம் சாவகாசமாகத் திரும்பினார்.

"ஏட்டி, நீ எங்க பொறந்த?"

"பெரியாஸ்பத்திரிலதான் சிஸ்டர்."

"எந்த வருஷம்?"

"ரெண்டாயிரத்து மூணு."

சிஸ்டர் முன்பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தார்.

"எந்திச்சு நின்னு பலகையில இருக்குற என் பேரை வாசி."