சிங்கப்பூருக்குப் போன நாலாவது ஆள்

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்தால் அது வெங்காயத்தால்தான். வேங்கரைப்பட்டிக்காரர்களை நினைத்து இதுவரை யாரும் அழுததில்லை.

அந்த ஊரில் ஒன்று சொன்னால் அப்படியே செய்வார்கள். "அடுப்பைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனால், சோறு பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற வரைக்கும் கண் இமைக்காமல் பார்ப்பார்கள். "பாத்தியா?" என்று கேட்டால், "நல்லாப் பாத்தேன், அணைஞ்சிருச்சு" என்பார்கள்.

அந்த ஊர்ப் பவளத்துக்கு இலஞ்சியம் என்று ஒரு சின்ன வயசுச் சேக்காளி. சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் பிள்ளை. "எனக்கு மொத வளையல் நீதாண்டி போடணும். நீ வராட்டி நான் கையை நீட்டவே மாட்டேன்" என்று போனில் அழுதாள். இந்தப் பக்கம் பவளமும் அழுதாள். டிக்கெட் வந்தது. பவளம், அவள் புருஷன் கூத்தையா, கொழுந்தன் சன்னாசி, மூன்று பேரும் கிளம்பினார்கள்.

மூன்று பேர்! நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகலாமா? நம்ம பக்கம் அப்படி நேர்ந்தால் ஒரு கல்லை எடுத்து, இதுதான் நாலாவது ஆள் என்று பையில் போட்டுக்கொள்வோம். தெரு முக்குத் தாண்டினால் அதை மறந்தும் போவோம். பவளம் அப்படிப்பட்டவள் இல்லை. கண்மாய்க்கரையில் தேடித் தேடி, வழவழவென்று உருண்டையாக ஒரு கல்லை எடுத்தாள். ஆள் என்றால் பேர் வேண்டாமா? கல்லையா என்று வைத்தார்கள்.

மஞ்சப்பையில் போன கல்லையாவை விமானத்தில் ஜன்னல் ஓரமாக எடுத்து வைத்தார்கள். மேகத்தைப் பார்த்தும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"பயமே இல்லாத மனுசன்" என்றான் சன்னாசி. அவன் அப்போது கண்ணை இறுக்கி மூடியிருந்தான்.

காலையில் போய் இறங்கியதும் இலஞ்சியம் போனில் சொன்னாள்: "சாயங்காலந்தாண்டி வளைகாப்பு. பொழுது அடையறதுக்குள்ள வந்திருங்க. அதுவரைக்கும் ஊரை நிதானமாச் சுத்திப் பாருங்க. ஒண்ணு விடாமப் பாருங்க. அப்புறம், ரயிலு நிக்கிற எடத்துல மஞ்சக்கோட்டைத் தாண்டிராதீங்க, ஆபத்து."

ஒன்று விடாமல் பார்த்தார்கள். முதலில் வந்தது ஒரு குப்பைத்தொட்டி. சுற்றி நின்று பார்த்தார்கள்.

"நம்மூர்த் தொட்டி மாதிரி இல்லையே?" என்றான் கூத்தையா.

"ஆமண்ணே. இதுல குப்பை உள்ள கெடக்கு."

அடுத்து இன்னொரு தொட்டி. அதையும் பார்த்தார்கள். பிறகு ஒரு பெரிய கட்டடம். நின்று பார்த்தால் உச்சி தெரியவில்லை என்று கூத்தையா நடைபாதையில் மல்லாந்து படுத்தான். கல்லையாவும் பார்க்கட்டும் என்று பவளம் அவரைப் புருஷன் நெஞ்சின்மேல் வைத்தாள். போகிற வருகிற வெள்ளைக்காரர்கள் அதையும் ஏதோ பார்க்க வேண்டிய இடம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆற்றில் படகு ஏறினார்கள். பவளம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கல்லையாவுக்கு நீச்சல் தெரியுமா என்று ஊரில் கேட்காமல் வந்துவிட்டோமே என்று அவளுக்கு அடித்துக்கொண்டது.

மத்தியானம் சாய்ந்ததும் ரயில் நிலையத்துக்கு வந்தார்கள். மஞ்சக்கோடு இருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். ரயில் வந்தது, கதவு திறந்தது, கதவு மூடியது, ரயில் போனது. இப்படியே பல ரயில்கள் போயின.

"என்னங்க, ஏற வேண்டாமா?" என்றாள் பவளம்.

"ஏறலாம். ஆனா ரயிலு கோட்டுக்கு அந்தப் பக்கமில்ல வந்து நிக்குது? இந்தப் பக்கம் வர்ற ரயிலா வரட்டும்."

சன்னாசி வெகுநேரம் யோசித்தான். "மதினி, தாண்டக்கூடாதுன்னு நம்ம மூணு பேருக்குத்தான சொன்னாங்க? கல்லையாவுக்குச் சொல்லலையே. அவரு போன்ல பேசவே இல்லையே!"

கூத்தையாவின் முகம் மலர்ந்தது. "அதானே! அவரை உள்ள விடுவோம். அவரு ரயிலைப் பிடிச்சு நிறுத்தட்டும். நாம மெதுவா யோசிச்சு ஏறுவோம்."

அடுத்த ரயில் வந்ததும் கல்லையாவை உருட்டிவிட்டார்கள். அவர் போய் உள்ளே நின்றார். கதவு மூடியது. ரயில் போய்விட்டது.

"நல்ல கனமான ஆளுன்னு நெனச்சேன், பிடிக்க முடியலையே" என்றான் கூத்தையா.

பவளம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வளையல் டப்பா மடியில் கிடந்தது. "போச்சு! மறுபடி மூணு பேராயிட்டோம். மூணு பேராப் போயி அவ கையை நான் தொடவே மாட்டேன். ஒம்பது வருசம் கழிச்சு வந்த உசுரு."

"வேற கல்லு எடுத்துக்குவோம் மதினி."

தேடினார்கள். அந்த ஊரில் கீழே ஒரு கல் கிடந்தால்தானே! "கெடைச்சாலும் வேண்டாம் தம்பி" என்றாள் பவளம். "கூட்டியாந்த ஆளைத் தொலைச்சிட்டு வேற ஆளோட போனா, கண்மாய்க்கரையில அவரு சனங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

அவள் அழுகிற சத்தம் கேட்டு ரயில் நிலையத்து ஆள் ஒருவர் வந்தார். தமிழர்தான்.

"எங்க ஆளு ஒருத்தரு தனியா ரயில்ல போயிட்டாருங்க. பேரு கல்லையா" என்றாள் பவளம்.

"வயசு என்னக்கா?"

"சொல்லத் தெரியலைங்க. எங்க பாட்டன் பொறக்கும்போதே அவரு இருந்தாரு."

"அடையாளம்?"

"மொட்டை. நல்ல உருண்டை."

"என்ன உடுத்தியிருந்தார்?"

"ஒண்ணும் உடுத்தலைங்க."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "ஒண்ணுமேவா?"

"ஊர்லயும் அப்படித்தாங்க. யாரும் ஒண்ணும் சொல்றதில்ல" என்றான் கூத்தையா.

"ஏதாவது பேசுவாரா? சாப்பிட்டாரா?"

"பேச்சே கெடையாதுங்க. சோறு வச்சோம், தொடலை" என்று பவளம் விசும்பினாள்.

அந்த மனிதருக்கும் கண் கலங்கிவிட்டது. எல்லா நிலையங்களுக்கும் போன் பறந்தது. உடுப்பில்லாத ஒரு கிழவரைத் தேடி ஆட்கள் ஓடினார்கள். இவர்கள் மூவருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். வெளியே வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. பவளம் டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

கடைசியில் இரண்டு பேர் ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். சீனக் கிழவர். மொட்டை. நல்ல உருண்டை. நீச்சல் குளத்தில் குளித்துவிட்டு, அரை டவுசரும் மேலே ஒரு துண்டுமாக எங்கேயோ காற்று வாங்கிக்கொண்டிருந்தவர். காது கேட்காது. எதைக் கேட்டாலும் சிரித்துத் தலையாட்டுவார். கல்லையாவா என்று கேட்டார்கள், தலையாட்டினார், கூட்டிவந்துவிட்டார்கள்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"அண்ணே, வளந்துட்டாரே!" என்றான் சன்னாசி.

"இந்த ஊர்த் தண்ணி அப்படி."

"துண்டு ஏதுண்ணே?"

"வெளிநாடுல்ல, வெக்கம் வந்திருக்கும்."

பவளத்துக்கு மட்டும் சந்தேகம். எழுந்துபோய்த் தலையைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. "அவரேதான்!" என்று கும்பிட்டாள்.

நிலையத்து ஆளே கையைப் பிடித்து ரயிலில் ஏற்றிவிட்டதால் மஞ்சக்கோட்டுப் பிரச்சினை எழவில்லை. பொழுது அடைவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். இலஞ்சியம் வாசலுக்கே ஓடிவந்தாள்.

"ஏண்டி இவ்வளவு நேரம்? இது யாருடி?"

"நாலாவது ஆளுடி. இவரு இல்லாட்டி நான் எப்படி உன் கையைத் தொடுவேன்?"

இலஞ்சியமும் வேங்கரைப்பட்டியில் பிறந்தவள்தானே. "அதுவுஞ் சரிதான்" என்று இரண்டு கையையும் நீட்டினாள். பவளம் முதல் வளையலைப் போட்டாள். கண்ணாடி வளையல் கலகலத்தது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுது, ஒரு மூச்சு சிரித்தார்கள்.

வந்த பெண்களுக்கெல்லாம் வளையல் கொடுத்தபோது கிழவரும் கையை நீட்டினார். அவருக்கும் பச்சையில் இரண்டு போட்டார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்தார்.

"காலையிலேர்ந்து பட்டினி, பாவம்" என்றாள் பவளம்.

ஊருக்குத் திரும்புகிற அன்று, அதுவரை அங்கேயே தங்கிவிட்ட கிழவரிடம், "வர்றீங்கல்லய்யா?" என்று பவளம் கேட்டாள். தலையாட்டினார். விமான நிலையத்துக்கும் வந்துவிட்டார்.

"மூணு டிக்கெட்தான் இருக்கு. இவருக்கு?" என்று கேட்டாள் அங்கே இருந்த தமிழ்ப்பெண்.

கூத்தையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வரும்போது இவருக்கு யாரும் டிக்கெட் கேக்கலையேம்மா? மஞ்சப்பையிலதான வந்தாரு!"

பவளத்துக்கு அது நியாயமாகப் பட்டது. கீழே குத்தவைத்து உட்கார்ந்து, மஞ்சப்பையின் வாயை நன்றாக விரித்துப் பிடித்தாள். "ஐயா, வளையல் ஒடஞ்சிராம, மொதல்ல ஒரு காலை உள்ள வைங்க" என்றாள்.

கிழவர் சிரித்துத் தலையாட்டினார். சன்னாசியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, பைக்கு நேராகக் கொண்டுவந்து...

இதோ வந்துட்டேன் அத்தே! புள்ள முழிச்சிட்டானா? தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டுங்க, கையெல்லாம் வெங்காயம். நீங்க இருங்க, அந்தக் காலை அவர் பைக்குள்ளே வச்சாரா இல்லையான்னு வந்து சொல்றேன்.