சிரிக்காமல் எழுந்தவன்

"என் தம்பி சிரிக்கவே மாட்டேங்கறான்," என்றார் டைரக்டர் தில்லைநாயகம்.

எடிட்டர் செசிலி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்போலேர்ந்து?"

"படம் முடிஞ்சதுலேர்ந்து."

செசிலி வயதில் அவரைவிடச் சின்னவர். ஆனாலும் தில்லைநாயகத்துக்கு அவர்தான் குரு. ஒரு காட்சியை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அந்த அம்மாளிடம்தான் கற்றுக்கொண்டேன் என மேடைக்கு மேடை சொல்வார். கற்றுக்கொண்டாரா என்பது வேறு விஷயம்.

தில்லைநாயகம் சினிமாப் பைத்தியம். சின்ன வயதில் சோறு தண்ணி இல்லாமல் காலையிலிருந்து கடைசி ஆட்டம் வரை தியேட்டரிலேயே கிடந்தவர். பெற்ற அப்பாவுக்குக் கொள்ளி வைக்கப் போன அன்றுகூட, சுடுகாட்டுப் புகைக்குள் வெயில் விழுகிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். பங்காளிகள் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது.

சாவை இதுவரை ஒருத்தனும் ஒழுங்காக எடுக்கவில்லை, நான் எடுக்கிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

எடுத்தார். பிணமாக நடிக்கத் தம்பி சபேசனையே போட்டார்.

சபேசன் சிரிப்புக்காரன். எழவு வீட்டுக்குப் போனாலும் ஒரு மூலையில் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் திரும்புவான். அண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்தான். அங்கே அவன் சிரித்தால் வாசல் கேட் வரைக்கும் கேட்கும்.

படப்பிடிப்பில் அவனைப் பெஞ்சில் கிடத்தி, மாலை போட்டு, மூக்கில் பஞ்சு வைத்தார்கள். ஈ மொய்க்குது அண்ணா என்று முனகினான். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆகணும், பிண வேஷம் போட்டால் கிடந்துதான் ஆகணும் என்றார் அண்ணன்.

கிடந்தான்.

படத்துக்குப் பெரிய விருது கிடைத்தது. சாவின் முகத்தை இவ்வளவு பக்கத்தில் யாரும் காட்டியதில்லை என்று நடுவர்கள் புகழ்ந்தார்கள். தில்லைநாயகம் செய்தியைச் சொல்ல மாடிக்கு ஓடினார். சபேசன் கட்டிலில் நேராகப் படுத்திருந்தான். சரிண்ணா என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

"சாப்பிடுன்னா சாப்பிடறான். நடன்னா நடக்கறான். ஒண்ணும் சொல்லலைன்னா போய்ப் படுத்துக்கறான். பட்டப்பகல்ல. கால் பெருவிரல் ரெண்டையும் சேர்த்து வச்சுக்கிட்டு."

டாக்டர்கள் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார்களாம்.

"எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான், மேடம்."

செசிலி நாற்காலியைத் திருப்பினார்.

"சிரிச்சாரா?"

"அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்."

"இப்ப இல்ல சார். அன்னைக்கு. பெஞ்சை விட்டு எழுந்திரிக்கறதுக்கு முன்னால."

சினிமாவில் அது எழுதாத சட்டம். பிணமாக நடித்தவர் எழுந்திருக்கும் முன் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். அது எந்தப் படத்திலும் வராது. ஆனால் எடுக்காமல் விடமாட்டார்கள். சாமியே இல்லை என்கிறவர்கள்கூட விடுவதில்லை.

அன்றைக்கு மேக்கப் போட்டவர் வந்து, சிரிக்கச் சொல்லிடுங்க சார் என்று காதில் சொல்லத்தான் செய்தார். தில்லைநாயகத்தின் கண் மானிட்டரை விட்டு நகரவில்லை. அதில் தெரிந்த முகம் அவ்வளவு நன்றாக இருந்தது.

பிரமாதம், யாரும் இதைக் கெடுக்காதீங்க என்று சொல்லிவிட்டு, எடுத்ததையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கப் போய்விட்டார். மற்றவர்கள் சத்தம் போடாமல் சாப்பிடப் போனார்கள்.

"அவரை யாரு எழுப்பினது?" என்றார் செசிலி.

"தெரியலை."

செசிலி அந்தக் காட்சியைத் திரையில் ஓடவிட்டார். சபேசனின் முகம் வந்ததும், அதைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

"இப்பப் பாருங்க."

முகம் போனதும் பார்க்க வேறு ஒன்றும் இல்லாமல் தில்லைநாயகத்தின் கண் கீழே இறங்கியது. மாலை. மடித்து வைத்த கைகள். வலது கையின் ஆள்காட்டி விரல்.

அது அசைந்தது.

மெல்ல மடங்கி நீண்டது. மறுபடி மடங்கியது. வா, வா என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

எத்தனை தடவை பார்த்த காட்சி. எத்தனை ஊரில் எத்தனை பேர் பார்த்த காட்சி. அந்த விரல் அன்றைக்கே அசைந்ததா, இப்போதுதான் அசைகிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. பேயறைந்தவர் மாதிரி எழுந்து வீட்டுக்குப் போனார்.

நேரே மாடிக்கு ஏறினார். சபேசா, ஷாட் முடிஞ்சுது, சிரிடா என்றார்.

சபேசன் அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"கேமரா இல்லையேண்ணா."

தில்லைநாயகம் செல்போனை எடுத்து நீட்டினார். அதன் திரையில் தெரிந்த சபேசனுக்குக் கண் மூடியிருந்தது. போனைத் தாழ்த்தினார். தம்பி கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி உயர்த்தினார். கண் மூடியிருந்தது.

போன் கைநழுவிக் கீழே விழுந்தது. அன்று முழுக்க அவர் அதைத் தொடவில்லை.

மறுநாள் செசிலியிடம் ஓடினார். அந்த அம்மாள் அலட்டிக்கொள்ளவில்லை. தம்பியை அழைத்துவரச் சொன்னார். கூடவே படப்பிடிப்பில் அவன் கிடந்த பெஞ்சு, ஒரு மாலை, கேமரா. போகிற போக்கில், விருதையும் எடுத்துட்டு வாங்க என்றார்.

"விருது எதுக்கு மேடம்?"

"தேவைப்படும்."

எடிட்டிங் ரூமுக்கு மேலே மொட்டை மாடி. உச்சி வெயில். தண்ணீர் டேங்கின் நிழலில் பெஞ்சைப் போட்டார்கள். சபேசன் யாரும் சொல்லாமலே போய் அதில் படுக்கப் பார்த்தான்.

செசிலி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தக் கையில் கேமராவைக் கொடுத்தார்.

"நீங்க படுங்க சார்," என்றார் தில்லைநாயகத்திடம்.

படுத்தார். பெஞ்சு ஆடியது. செசிலி விருதை எடுத்துக் குட்டையாக இருந்த காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது. மாலை போட்டார். மூக்கில் பஞ்சு வைத்தார். கால் பெருவிரல்கள் இரண்டையும் துணிக்கிழிசலால் சேர்த்துக் கட்டினார்.

தில்லைநாயகம் கண்ணை மூடினார். டேங்கின் நிழல் நெஞ்சில் பாதியாக விழும், மேலிருந்து எடுத்தால் அருமையாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. தொட்டில் பழக்கம், எங்கே போகும்.

உதட்டில் ஈ உட்கார்ந்தது. விரட்ட நினைத்தார். ஷாட் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டார்.

தெருவில் கேட்ட ஆட்டோச் சத்தம் குறைந்துகொண்டே போனது. பிறகு காக்காய்ச் சத்தம் குறைந்தது. பிறகு தன் மூச்சே தனக்குக் கேட்கவில்லை. கட்டின துணி விரல்களில் இறுகியது.

போதும் என்று நினைத்தார். கண்ணைத் திறக்கப் பார்த்தார். இமை அசையவில்லை. யாராவது கூப்பிட்டால் எழுந்துவிடலாம், ஒரே ஒரு வார்த்தை. ஒருவரும் கூப்பிடவில்லை.

எப்படியோ ஒரு விரலை மட்டும் அசைக்க முடிந்தது. வலது கை ஆள்காட்டி விரல். மடக்கினார். நீட்டினார். மறுபடி மடக்கினார்.

தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"பிரமாதம். யாரும் இதைக் கெடுக்காதீங்க."

சபேசனின் குரலா, தன்னுடைய குரலேதானா, அவருக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

செருப்புகள் நகர்ந்தன. படியில் இறங்கிப் போகிற சத்தம். தன்னை விட்டுவிட்டுப் போகிறார்கள். பயம் வந்தது. அப்பாவின் சிதைக்கு முன்னால் நின்றபோது வந்திருக்க வேண்டிய பயம் அது.

"சபேசா," என்று எங்கிருந்தோ குரல் வந்தது. அது தன் வாயிலிருந்துதான் வருகிறது என்று கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது. "போகாதடா. நான் சாகலைடா. உசுரோடதான்டா இருக்கேன்."

கண் திறந்துகொண்டது. அழுதுகொண்டிருந்தார்.

செசிலியைக் காணவில்லை. சபேசன் மட்டும் பெஞ்சுக்கு முன்னால் நின்றிருந்தான். கேமராவிலிருந்து மெல்லக் கண்ணை எடுத்து அண்ணனைப் பார்த்தான். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. தோள் குலுங்கியது. கீழே வாசல் கேட் வரைக்கும் கேட்டது அந்தச் சிரிப்பு.

"நானும்தாண்ணா," என்றான்.